பள்ளிக்கூடத்துக்கு வந்த சீர்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சீர் வரப்போகிறது என்று பெரிய டீச்சர் சொன்னபோது முதலில் சிரித்தவள் நான்தான். சீர் என்றால் காதுகுத்துக்கு வரும், கல்யாணத்துக்கு வரும். தாய்மாமன் முன்னால் நடக்க, அத்தைமார்கள் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு எங்கே இருக்கிறது காது, குத்துவதற்கு? இதைக் கோமதியிடம் கிசுகிசுத்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தாள். இரண்டு பேரையும் டீச்சர் எழுந்து நிற்கச் சொன்னார்.

நின்றுகொண்டே மீதியைக் கேட்டோம். ஊர் ஜனங்கள் ஒன்றாகச் சேர்ந்து, பள்ளிக்கு வேண்டிய சாமான்களைத் தட்டில் வைத்து, மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். அதற்குக் கல்விச் சீர் என்று பெயராம். வேறு ஊர்களில் எல்லாம் நடந்திருக்கிறது, நம் ஊரிலும் நடக்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. எட்டாவது வரைக்கும் உள்ள நடுநிலைப் பள்ளி. காலையில் டவுன் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன்கள் வந்து பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். மீதிப் பாதி நாங்கள். பள்ளிக்கூடம் ஊருக்கு நடுவில் இருந்தாலும் ஊர் எங்களை எட்டிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஊரை அழைக்கப்போவது டீச்சர்கள் இல்லை, நாங்கள்தான் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறாவதிலிருந்து எட்டாவது வரை மூன்று மூன்று பேராகக் குழு பிரித்தார். சீட்டுப் போட்டுத் தெரு எடுக்க வேண்டும். சொந்தத் தெரு வந்தால் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். தெரிந்த வீட்டுக்கே போவதற்கு எதற்குக் குழு என்று கேட்டார். ஒரு வீடும் விடாமல் எந்தக் குழு அழைத்து வருகிறதோ, அந்தக் குழு ஊர்வலத்தில் மேளத்துக்கு அடுத்தபடியாக முதல் வரிசையில் பேனர் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

முதல் வரிசை! அதுவரைக்கும் நான் எதிலும் முதல் வரிசையில் நின்றதில்லை. உயரமாக இருந்த பாவத்துக்குப் பிரேயரில் கடைசி, போட்டோவில் கடைசி. அந்தப் பேனரின் ஒரு முனையை நான் பிடித்திருப்பதாக அன்று மத்தியானமே கனவு காணத் தொடங்கிவிட்டேன். எங்கள் குழுவில் நான், கோமதி, சசி. சசி அதிகம் பேச மாட்டான், ஆனால் சீட்டு எடுக்க அவன் கை ராசியானது என்று அவனே சொன்னதால் அவனை எடுக்கவிட்டோம். ஏரிக்கரைத் தெரு வந்தது. நாற்பத்தோரு வீடுகள்.

நோட்டீஸ் அச்சடித்து வந்தது. பள்ளிக்கூடம் முடிந்து பையோடு அப்படியே கிளம்பினோம். முதல் வீட்டில் ஒரு அக்கா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். கோமதி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு நோட்டீஸை நீட்டினாள். அவர் அதை வாங்கி, நாலாக மடித்து, காலடியில் ஈ விரட்டினார்.

"இன்னா பொண்ணே, துணிக்கடை நோட்டீஸ் மாரி நீட்டுற? சீருக்குக் கூப்பிட வந்தீங்கன்னா தட்டு எங்க? வெத்தல பாக்கு எங்க?"

அவர் மல்லாட்டைத் தோலைத் தட்டிக்கொண்டே, வாசலில் நின்று கூப்பிடக் கூடாது, உள்ளே வந்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் தட்டை நீட்டிக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் இந்தத் தெருவில் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்றார். "நானும்தான்," என்று முடித்தார்.

மறுநாள் கோமதி வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு, எங்கள் வீட்டிலிருந்து குங்குமச் சிமிழ், சசி வீட்டிலிருந்து வாழைப்பழம் என்று சேர்த்துக்கொண்டு மறுபடி முதல் வீட்டிலிருந்தே ஆரம்பித்தோம். எங்களுக்கு நடந்தது ஊரெல்லாம் பரவியிருந்தது. மற்றத் தெருக்களில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஜம்பமாகத் திரும்பிய குழுக்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு, "எங்க தெரு மட்டும் இளப்பமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வாரம் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் வெற்றிலை தீர்ந்துபோய் டவுனிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வந்தார்கள்.

தட்டைக் கையில் பிடித்ததும் எங்களுக்கே ஒரு தோரணை வந்துவிட்டது. முந்தின நாள் ஈ விரட்டிய அக்கா அன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளைத் துடைத்து, குனிந்து குங்குமம் எடுத்துக்கொண்டார். ஏழாவது படிக்கிற எங்களைப் பெரிய மனுஷர்கள் மாதிரி உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். நடந்தால் ஐந்து நிமிஷம் ஆகாத அந்தத் தெருவில் இத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணன் ஆறு பாஷையில் 'மெதுவாக ஏறுங்கள்' என்று சொல்லிக் காட்டினார். ஒரு வீட்டில் சம்பங்கிப் பூவை மூட்டையாகக் குவித்து நாலு பேர் பேசாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் படிக்கும் அதே ஏழாம் வகுப்பு அறையில் தான் மூன்று வருஷம் தொடர்ந்து படித்ததாக ஒரு மேஸ்திரி பெருமையாகச் சொன்னார். பெயிலானதை அவர் சொல்கிற விதமே தனி. மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரம்மா எங்கள் தட்டைப் பார்த்துக் குழம்பி, பழத்தை உரித்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கட்டாயம் வருவதாகச் சொன்னார்.

நாலு நாளில் நாற்பது வீடு முடிந்தது. மேலத்தெருக் குழுவுக்கு இன்னும் ஒன்பது வீடு பாக்கி என்று உளவு சொன்னான் சசி. எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது என் தாய்மாமன் வீடு.

மாமா வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் என் காதுகுத்தால் வந்தது. அப்போது எனக்கு ஒரு வயது, ஆகவே என் மேல் குற்றமில்லை. அம்மாவும் அப்பாவும் மாமா வீட்டுக்கு நேரில் போய்த் தட்டு வைத்து அழைத்திருக்க வேண்டும். மண்டபம், சமையல்காரர் என்று அலைந்ததில் அப்பா போனில் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவனுக்குப் போனில் அழைப்பா என்று மாமா வரவில்லை. மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவர் வராமல், வேறு யாரோ ஒரு உறவுக்காரர் மடியில் உட்கார்ந்து நான் அழுதேன். என்ன இருந்தாலும் சொந்த அண்ணன் வராமல் போனாரே என்று அம்மாவுக்குக் கோபம். பதினோரு வருஷமாக இருவரும் ஒரே ரேஷன் கடை வரிசையில் நடுவில் ஐந்தாறு ஆளை விட்டு நிற்பார்கள். என்னை வழியில் பார்த்தால் மாமா சட்டென்று மலைப் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிடுவார். மாமாவுக்குப் பக்தி ஜாஸ்தி என்றுதான் நெடுநாள் நான் நினைத்திருந்தேன்.

இதில் இன்னொரு சங்கடம், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அந்த வருஷம் எங்கள் அம்மாதான் தலைவர். பெற்றோரில் ஒருவரை அப்படித் தேர்ந்தெடுப்பார்கள். சீர் ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு. இரவு சாப்பிடும்போது மெதுவாகப் பேச்சைப் போட்டேன்.

"அந்த வீட்டை விட்டுடு," என்றாள்.

"ஒரு வீடும் விடக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்கம்மா."

"நாப்பது வீடு வந்தா போதும். நீ அங்க தட்டு தூக்கினு போவாத."

நான் தட்டைத் தூக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? மறுநாள் கோமதியிடம் தட்டைக் கொடுத்துவிட்டு நான் வெறுங்கையோடு நடந்தேன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் நான்.

மாமா கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கழற்றிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலத் தலையைத் திருப்பினார். வீட்டுக்குள் மலை ஏது? மின்விசிறியைப் பார்த்தார். அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்து, என்னைப் பார்த்து, வாயில் கைவைத்தபடி நின்றுவிட்டார். கோமதி ஒப்பிக்க ஆரம்பித்தாள். அவள் முடிக்கும் வரைக்கும் மாமா மின்விசிறியையே பார்த்தார்.

"யாரு கூப்பிடச் சொன்னாங்க?" என்றார் கோமதியிடம்.

"பள்ளிக்கூடத்துல மாமா."

"பள்ளிக்கூடம்னா செவுரா வந்து கூப்பிடும்? ஆளு யாரு?"

கோமதி என்னைப் பார்த்தாள். சசி வாசல் பக்கம் நகர்ந்தான். நான் தட்டிலிருந்த நோட்டீஸை எடுத்து நீட்டினேன். அடியில், 'தங்கள் வரவை எதிர்பார்க்கும்' என்பதற்குக் கீழே அம்மாவின் பெயரும், தலைவர் என்றும் அச்சாகியிருந்தது. மாமா கையை எட்ட நீட்டிப் படித்தார். அந்த ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. எனக்கோ பேனரின் முனை கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது.

"நீங்க இங்க வந்தது இவங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா பெயரில் விரலை வைத்து, முதல் முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியும் மாமா. அவங்கதான் தட்டு குடுத்து அனுப்புனாங்க."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மாமா எழுந்து, கை கழுவிக்கொண்டு வந்து, அத்தையையும் பக்கத்தில் நிற்கவைத்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டார். வருவதாகச் சொல்லவில்லை. "பாக்கலாம்," என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா வராவிட்டால் பேனர் போகும். வந்தால் பொய் வெளியாகி முதுகுத் தோல் போகும். எது மேல் என்று இரண்டு நாளும் யோசித்தேன். வந்துவிடட்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிவானது. முதல் வரிசைக்காக அடி வாங்கலாம், தப்பில்லை.

சீருக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா கேட்டுவிட்டாள். கோமதிக்கு வாய் நிற்காது, அது நான் எதிர்பார்த்ததுதான்.

"அங்க போனியாமே?"

"கோமதிதாம்மா தட்டு வச்சிருந்தா."

"தட்டுல இன்னா வச்சீங்க?"

"வெத்தல, பாக்கு, பழம், குங்குமம்."

"பூ?"

"பூ வைக்கல."

நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. "பூ வைக்காம யாராவது தட்டு குடுப்பாங்களா? இன்னா நெனைச்சுக்கும் அண்ணன்!" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. போகாதே என்று சொன்னதை மீறிப் போனதற்கு அடி இல்லை, பூவுக்கு அடி. பெரியவர்களின் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே திரண்டுவிட்டது. அப்படி ஒரு கூட்டத்தைத் தேருக்குத்தான் பார்த்திருந்தேன். பம்பையும் தவிலும் மாற்றி மாற்றி அதிர்ந்தன. தட்டுகளில் நோட்டுப் புத்தகங்கள், சாக்பீஸ் பெட்டிகள், கடிகாரம், கைப்பந்து. பூக்கட்டும் வீட்டார் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் கூட மாலை போட்டுக் கொண்டுவந்தார்கள். மூன்று வருஷம் ஏழாவது படித்த மேஸ்திரி ஒரு கரும்பலகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரம்மா புடவை கட்டி, தட்டில் ஒரு உலக உருண்டை வைத்திருந்தார். அவர் ஊரைக் காட்டச் சொன்னோம். என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது அது. ஆட்டோ அண்ணன் அவருடைய பாஷையில் ஏதோ சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் குழு ஓடி ஓடி எண்ணியது. நாற்பது. மறுபடி எண்ணினோம். நாற்பது. மேலத்தெருக் குழுவுக்கும் இரண்டு வீடு குறைந்ததால் பெரிய டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் நகர ஆரம்பித்தார்கள். மேலத்தெருப் பையன் ஒருவன் பேனரில் கைவைத்துவிட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ஏரிக்கரைப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. குட்டியானை லோடு வண்டி ஒன்று மெதுவாக வந்து நின்றது. வண்டிமேல் இரண்டு மின்விசிறிகள், குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் தண்ணீர் டிரம், ஒரு மூட்டை மல்லாட்டை. எல்லாவற்றுக்கும் சம்பங்கி மாலை. முன்னால் பட்டு வேட்டியும் தோளில் துண்டுமாக மாமா இறங்கினார். பின்னால் அத்தை பட்டுப்புடவையில், கையில் தட்டோடு. தட்டில் தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், கைகொள்ளாத பூ. பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஆள் மாதிரியே இல்லை, ஏதோ காதுகுத்துக்கு வருகிறவர் மாதிரி இருந்தார்.

"நாப்பத்தொண்ணு!" என்று நான் போட்ட கூச்சலில் பம்பைக்காரர் ஒரு நிமிஷம் அடிப்பதை நிறுத்திவிட்டார். ஓடிப்போய்ப் பேனரைப் பிடுங்கினேன். ஒரு முனை நான், மறுமுனை கோமதி, நடுவில் சசி. பின்னால் ஊர் முழுக்க வந்தது. அந்தத் தெருக்களில் நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், அன்று என் கால் தரையில் பாவவில்லை. பின்னால் வந்த ஏரிக்கரைத் தெருக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களும் என் பெயரைச் சொல்லிக் கையாட்டினார்கள்.

பள்ளி வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். வரிசை வரிசையாக வந்தவர்களுக்கு மூன்று சுற்று சுற்றி, பொட்டு வைத்து உள்ளே விட்டாள். மாமாவும் அத்தையும் எதிரே வந்து நின்றதும் சுற்ற ஆரம்பித்தாள், நிறுத்தவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று நான் எண்ணினேன். "போதும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க," என்று பெரிய டீச்சர் சொன்ன பிறகுதான் அவள் பொட்டு வைத்தாள்.

சாப்பாடு சத்துணவுக் கூடத்தில். அம்மா விடியற்காலையிலிருந்து நின்று செய்த சாம்பார் சாதமும் சர்க்கரைப் பொங்கலும். ஊரே தரையில் இலை போட்டு உட்கார்ந்தது. மாமாவும் உட்கார்ந்தார். அம்மாதான் பரிமாறினாள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனேன். மாமா இலையில் சாதம் விழுந்ததும் அவர் தலை நிமிராமல் சொன்னார்.

"பாப்பா சொல்லிச்சு, நீதான் தட்டு குடுத்து அனுப்புனேன்னு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். செம்பு நழுவி விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாண்ணா," என்றாள் அம்மா. "பசங்க பூ வைக்க மறந்துடுச்சுங்க."

மாமா ஒரு வாய் எடுத்து மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு, "உப்பு கம்மி," என்றார்.

அம்மா உப்புப் பாத்திரத்தை எடுத்துவந்தாள். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அவள் குனிந்து இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தாள். "இன்னும் வேணுமாண்ணா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் வை," என்றார். வைத்துவிட்டு விறுவிறுவென்று சமையல் கட்டுக்குள் போய்விட்டாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பது வீட்டாரும் பிரமாதம், அருமை என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரம்மா மூன்று தடவை வாங்கினார். பதினோரு வருஷம் கழித்து வந்த மனுஷருக்கு வேறு பேச்சே கிடைக்கவில்லையா? அம்மாவை உள்ளே தேடிப் போனேன். அண்டாவுக்குப் பின்னால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நன்றியும் போய்விட்டது.

திங்கட்கிழமை ஒவ்வொரு குழுவும் அறிக்கை எழுத வேண்டும் என்றார் டீச்சர். ஒரு பக்கம் நன்றாக நடந்தவை, மறுபக்கம் அடுத்த முறை திருத்த வேண்டியவை. நான் எழுதினேன்: 'சாம்பார் சாதத்தில் உப்பு கம்மி என்று ஒருவர் மட்டும் குறை சொன்னார். வேறு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவரைக் கூப்பிட வேண்டாம்.' யார் என்று எழுதவில்லை, எனக்கும் நாகரிகம் தெரியும்.

அறிக்கையில் மேலாண்மைக் குழுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினேன். அம்மா நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். அவளுக்காக நான் பேசியிருப்பதைப் பார்த்துத் தலையைத் தடவிக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் பேனாவை வாங்கி, கடைசி வாக்கியத்தை மட்டும் அழுத்தமாக அடித்தாள். உப்பு கம்மி என்பதைத் தொடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளைத் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

தன் சமையலைக் குறை சொன்ன வரியை விட்டுவைத்து, எனக்கு நியாயமாகப் பட்ட வரியை ஏன் அடித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள், குறை சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டவர் அவளுடைய அண்ணன் மட்டும்தான் என்பது பன்னிரண்டு வயதில் எனக்கு எங்கே தெரியும்? அந்த மாதம் முழுக்க மாமா எதிரே வந்தபோதெல்லாம் நான்தான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.